ஒன்று வந்தால் புறப்படலாம்

இந்த வகைக் கால்குலேட்டரில் ஓர் எழுத்தை இட வேண்டுமானால் இரண்டு விசைகளை அழுத்த வேண்டும், ஐயா. முதலில் இடது ஓரத்தில் உள்ள நிறம் பூசிய விசை. பிறகு எழுத்துக்கு உரிய விசை. எழுத்துகளும் தட்டச்சுப் பொறியில் உள்ள அமைப்பில் இருப்பதில்லை. ஏ, பி, சி என்று பள்ளிக்கூட வரிசையிலேயே இருக்கும். விரைவாகத் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு இது சற்று எரிச்சலூட்டும். தங்கள் மேசைமீது இருக்கும் என் கால்குலேட்டரில் நான்கைந்து விசைகளின் எழுத்துகள் தேய்ந்து போயிருக்கின்றன. அதைப் பரிசோதிக்கப் போகிறவருக்குச் சிரமம் கொடுப்பதற்காக முன்கூட்டியே வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரலாம் என்று தாங்கள் அனுமதித்தது பெரிய உதவி. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். படகு மாஸ்டர் தங்கள் காவலில் இருக்கிறார் என்பதையும், "திருப்பத்தை அவசரமாக எடுத்துவிட்டேன், தவறு என்னுடையதுதான்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார் என்பதையும் அறிந்தேன். இருபத்தேழு பேரின் சாவை அவர் தம் தலைமேல் போட்டுக்கொள்வது முறையாகாது. அவர் சுக்கானைச் சரியாகத்தான் பிடித்தார். அதைத் தெரிவிப்பதற்காகவே எழுதுகிறேன்.

படகுத்துறையில் என் பதவியின் பெயர் சுமைக் கண்காணிப்பாளர். ஆறு கடலில் கலக்கும் இடத்தில், கரைக்குக் கரை இருபத்தைந்து நிமிடப் பயணம். படகின் கீழ்த்தளத்தில் லாரிகளும் கார்களும் நிற்கும், மேல்தளத்தில் ஆட்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால், இடப்பக்கம் எத்தனை லாரி, வலப்பக்கம் எத்தனை, மேலே எத்தனை பேர், கீழே எத்தனை பேர், எண்ணெய் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று பதினான்கு எண்களை எடுத்து, படகைக் கட்டியவர்கள் கொடுத்த கையேட்டின்படி ஒரு கணக்குப் போட வேண்டும். விடையாக வரும் எண்ணுக்குச் சாய்வெண் என்று பெயர். படகு எந்த அளவுக்குச் சாயும் என்பதை அது சொல்லும். ஏழுக்கு மேல் போனால் படகை அவிழ்க்கக் கூடாது என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

கையால் போட்டால் அந்தக் கணக்குக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். துறையில் இருந்த இரண்டு கணினிகளும் உப்புக் காற்றில் அடுத்தடுத்துப் போய்விட்டன. நான் கணிதத்தில் பட்டம் பெற்றவன். கல்லூரிக் காலத்தில் வளைகோடுகள் வரைவதற்காக வாங்கிய இந்தக் கால்குலேட்டர் என் அலமாரியில் சும்மா கிடந்தது. அதிலேயே நிரல் எழுதலாம் என்பது நினைவுக்கு வந்தது.

பதினொரு நாட்கள் ஆயின. பயணிகள் கூடத்தின் மூலை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு படகு போய் அடுத்த படகு வருவதற்குள் இரண்டு வரி, மூன்று வரி என்று எழுதினேன். திரையில் எட்டு வரிகள்தான் தெரியும். ஒரு வரிக்குப் பதினாறு எழுத்துகள்தான். எந்த எண்ணுக்கும் நீளமாகப் பெயர் வைக்க முடியாது, ஒற்றை எழுத்துதான். எட்டாம் நாள் பாதி வரியை நானே அழித்துவிட்டேன். இக்கருவியில் புதிதாக அழுத்தும் எழுத்து, ஏற்கெனவே இருக்கும் எழுத்தின்மேல் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் செருக வேண்டுமானால் அதற்கென்று தனியாக இரண்டு விசைகளை அழுத்த வேண்டும். அதை மறந்துவிட்டேன். மறுநாள் முழுவதும் அந்த வரியைத் தேடுவதிலேயே போயிற்று. கடைசியில் அறுபத்து மூன்று வரிகளில் நிரல் முடிந்தது. பதினான்கு எண்களைக் கொடுத்தால் திரையில் 1 அல்லது 0 வரும். ஒன்று வந்தால் புறப்படலாம். பூஜ்யம் வந்தால் கூடாது. சாய்வெண்ணே தெரிய வேண்டுமானால் அதற்குரிய எழுத்தைத் தனியாக அழுத்திப் பார்க்கலாம். இருபது நாட்கள் கையாலும் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு முறைகூடத் தவறவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே முழுமையான காரியம் அதுதான் என்று சொன்னால் தற்பெருமையாகக் கொள்ள வேண்டாம்.

துறையில் எல்லோரும் என்னைக் கால்குலேட்டர் சார் என்று அழைக்கத் தொடங்கினார்கள். பூஜ்யத்துக்கு முட்டை என்று பெயர் வைத்தார்கள்.

"என்ன சார், இன்னைக்கும் முட்டையா?" என்று பனிக்கட்டி லாரியின் ஓட்டுநர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்பார்.

"மன்னிச்சுக்கோங்க. ஒரு லாரி இறங்கணும்."

"இறங்கணும்னா நான்தான் கெடச்சேனா? முன்னாடி நிக்கிறவன் உங்க மாமனாரா?"

"கடைசியா ஏறினது நீங்கதானே..."

"ஐஸ் உருகுது சார். ஐஸ் உருகும்னு அந்தப் பொட்டிக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா? இல்ல, அதுக்கும் பட்டம் வாங்கணுமா?"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும். லாரி பின்னோக்கி இறங்க இருபது நிமிடம். அதற்குப் பின்னால் நிற்கும் கார்கள் ஒதுங்கப் பத்து நிமிடம். அவ்வளவு நேரமும் மேல்தளத்திலிருந்து நூறு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் ஒருவர் என் செருப்பின்மேல் துப்பினார். ஒரு நாள் நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டிய ஒரு பெண், சான்றிதழ் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, முப்பது பேரோடு கீழே இறங்கினார். அதற்குப் பிறகு அவரை அத்துறையில் நான் பார்க்கவே இல்லை.

மேலாளர் நல்ல மனிதர். என் தோளில் கைபோட்டு, "உங்க பொட்டி ரொம்பப் பயந்த சுபாவம் சார், உங்கள மாதிரியே. ரெண்டு பேரும் கொஞ்சம் தைரியமா இருக்கக் கூடாதா?" என்பார். கட்டளையிட்டார் என்று நான் கூறவில்லை. அவர் கட்டளை இடவே இல்லை.

மாதத்துக்கு நாற்பது முட்டைகள் வந்தன. களைப்பைப் பற்றித் தங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. காலை ஆறு மணிக்கு மூட்டை தூக்க வருகிறவர் பிற்பகலில் குளித்துவிட்டுப் படுத்தால் அவருடைய களைப்பு போய்விடும். நாள் முழுவதும் "இல்லை", "கூடாது", "மன்னிக்கவும்" என்று சொல்கிறவனுக்கு அது போவதில்லை. வீட்டில் மனைவி, "ஏங்க, இன்னொரு தோசை வைக்கவா?" என்று கேட்டாலும் என் வாயில் மன்னிப்புதான் முதலில் வரும்.

முதல் மாற்றத்தைச் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். ஏழின்மேல் நகர்த்தி எட்டை அழுத்தினேன். முன்பே சொன்னேன், புதிய எழுத்து பழையதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒரே அழுத்தல். படகைக் கட்டுகிறவர்கள் எப்போதும் சற்றுக் குறைத்துத்தானே சொல்வார்கள் என்று எண்ணினேன். அந்த மாதம் பதினேழு முட்டைகள்தான் வந்தன. அடுத்த மாதம் பல்வலி எனக்கு, எட்டு ஒன்பதாயிற்று.

ஒன்பதைப் பத்தாக்க வேண்டுமானால் ஓர் இலக்கத்தைக் கூடுதலாகச் செருக வேண்டும். அதற்கு வேறு விசைகள் வேண்டும். வேண்டுமென்றே செய்தால்தான் அது நடக்கும். ஆகவே ஐந்து மாதங்கள் நான் ஒன்பதிலேயே நின்றேன். இதை என் பொருட்டுத் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு நான் பத்தைச் செருகவில்லை. அது நேர்மையான வழியாகத் தோன்றவில்லை. இன்று பத்து, நாளை பதினொன்று என்று நீளும். ஒப்பிடும் வரியையே எடுத்துவிட்டேன். அதற்கு முந்தைய கணக்கு வரிகளும் பிறகு தேவைப்படவில்லை. பதினான்கு எண்களைக் கேட்கும் வரிகளும், கடைசியில் 1 என்று காட்டும் வரியும் எஞ்சின. நிரல் என்ற வகையில் அது முன்னதைவிட எளிமையாக இருந்தது.

ஆனால் விடை உடனே வந்துவிட்டது. பனிக்கட்டி லாரியின் ஓட்டுநர் சன்னல் வழியாகக் கழுத்தை நீட்டினார்.

"என்ன சார், அதுக்குள்ள சொல்லிடுச்சு? பாத்துச்சா, பாக்கலையா?"

அவர் கேட்டது நியாயம். அன்று மாலை இன்னும் மூன்று வரிகளைச் சேர்த்தேன். ஒன்றிலிருந்து நானூறு வரை எண்ணும் ஒரு சுழற்சி. அதன் உள்ளே எந்த வேலையும் கிடையாது. கால்குலேட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போது திரையின் மேல் மூலையில் ஒரு சிறு கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். அது ஊரும் ஏழெட்டு விநாடிகள் துறை முழுவதும் அமைதியாகிவிடும். சிலர் எட்டிப் பார்ப்பார்கள். சிலர் கண்களை மூடிக்கொள்வார்கள். பிறகு ஒன்று வரும். எல்லோரும் மூச்சு விடுவார்கள். மகிழ்ச்சி என்று ஒன்று உண்டென்றால் அந்த விநாடியில் நான் அதற்கு அருகில் இருந்தேன்.

அதன்பின் என் வாழ்க்கை இலகுவாயிற்று. எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பதற்குப் போட்டி நடந்தது. "சார், பொட்டிக்கு வயசாயிடுச்சு போல, முட்டை போடறதையே நிறுத்திடுச்சு!" என்று பனிக்கட்டி லாரிக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். மேலாளர் என் பெயரைப் பாராட்டுக்கு அனுப்பினார். பதினான்கு எண்களையும் நான் எப்போதும்போல் நேரில் போய் எண்ணித்தான் கொடுத்தேன். ஓர் எண்ணையும் மனத்துக்குத் தோன்றியபடி இட்டதில்லை.

படகு மாஸ்டருக்கு மட்டும் ஓர் உறுத்தல் இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தச் சுக்கானைப் பிடித்தவர். ஒரு நாள் என்னிடம் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டு மூணு மாசமா படகு திரும்புறப்போ ஒரு மாதிரி சோம்பலா எந்திரிக்குது. பொட்டி என்ன சொல்லுது?"

"ஒண்ணுதான் மாஸ்டர்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "அப்போ எனக்குத்தான் வயசாகுது. கை உணர்ச்சி போயிடுச்சு போல" என்றார். அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார். கண்ணும் காதும் நரம்பும் பரிசோதித்தார்கள். ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அதை அவர் நம்பவில்லை. அவர் தங்களிடம் கையெழுத்திட்டுக் கொடுத்த வாசகத்தின் முதல் வரி அந்த நாளில் எழுதப்பட்டது என்று நான் கருதுகிறேன்.

இனி விபத்து நடந்த நாள். நீண்ட விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பும் பிற்பகல். மழை விட்டிருந்ததால் கீழே நிற்க வேண்டியவர்களும் காற்றுக்காக மேல்தளத்துக்கு ஏறியிருந்தார்கள். மேலே நூற்று அறுபத்தோரு பேர். கனமான மூன்று லாரிகளும் இடப்பக்கம். எண்களைக் கொடுத்தேன், கோடு ஊர்ந்தது, ஒன்று வந்தது. மாஸ்டருக்குக் கையசைத்தேன். படகு கட்டவிழ்ந்தது. கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், வழக்கமாகத் திரும்பும் இடத்தில், அது திரும்பியது. எழவில்லை.

நான்கு நாட்கள் கழித்து என் மகள் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் என் எதிரில் உட்கார்ந்தாள். அவளும் கணிதம் படிக்கிறாள், அக்கரையில் உள்ள கல்லூரியில். நிரலைத் திறந்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிக்கொண்டே போனாள். நான் தடுக்கவில்லை.

"அப்பா, இந்தச் சுழற்சிக்குள்ள ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

கடைசி வரிவரை இறங்கினாள்.

"இது யார் வந்து கேட்டாலும் ஒண்ணுதானே சொல்லும்?"

"ஆமாம்மா."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "அப்போ என்னை மட்டும் எப்படி எறக்குனீங்க?" என்று கேட்டாள். அவள் கால்குலேட்டரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, தங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. அவளுடைய கேள்விக்கான விடையை இங்கே எழுதுகிறேன். தாங்கள் விரும்பினால் அவளுக்குக் காட்டலாம்.

நிரல்களின் பட்டியலைத் திறந்து, கீழ்நோக்கிய அம்புக்குறி விசையை ஒரு முறை அழுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு நிரல் இருக்கும். அறுபத்து மூன்று வரிகள். எல்லை ஏழு. எட்டை இடுவதற்கு முன்னால் எடுத்து வைத்த படி அது. பதினொரு நாள் உழைப்பை அழிக்க மனம் வரவில்லை. என் மனைவியோ மகளோ ஏறும் பயணங்களில், எல்லோருக்கும் முதல் நிரலில் ஒன்று காட்டிய பிறகு, சரக்கறைக்குப் பின்னால் போய் அதே பதினான்கு எண்களை இதில் இட்டுப் பார்ப்பேன். விபத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நாற்பத்து நான்கு முறை பார்த்திருக்கிறேன். ஒன்பது முறை பூஜ்யம் வந்தது. ஒன்பது முறையும் ஏதேனும் ஒரு காரணம் சொல்லி அவர்களை அடுத்த படகுக்கு நிறுத்திவைத்தேன். "ஏங்க, நான் ஏறுனாத்தான் உங்களுக்குக் கூட்டமா தெரியுமா?" என்று மனைவி கோபித்துக்கொள்வாள்.

அந்த ஒன்பது படகுகளும் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தன. ஆகவே அன்று என்ன நடக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமிருந்தது. ஆனால் அந்த ஒன்பதிலும் சாய்வெண் பத்தைத் தாண்டியதில்லை. அன்று சரக்கறைக்குப் பின்னால் நின்று பார்த்தபோது பன்னிரண்டு புள்ளி நான்கு ஒன்று.

மேல்தளத்துக்கு ஏறினேன். மகள் தன் தோழியோடு கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தோழியை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நிமிடம் சும்மா இருக்காத பெண். விடுமுறையில் மூன்று நாட்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப்போலவே மன்னிப்புக் கேட்டு நடித்துக் காட்டினாள்.

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம். நீ எறங்கி வீட்டுக்குப் போ" என்று மகளிடம் சொன்னேன்.

"இப்பத்தானே நல்லா சிரிச்சுப் பேசி அனுப்புனாங்க?"

"எறங்கும்மா. அடுத்ததுல போய்க்கலாம்."

முணுமுணுத்துக்கொண்டே பையை எடுத்தாள். அப்போது வாலு, "அங்கிள், நானும் எறங்கிடவா? இவ இல்லாம அங்க போய் நான் யார் உயிரை வாங்குறது?" என்றாள்.

ஐயா, அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு முழுதாக ஒரு விநாடி இருந்தது. நான் அதைப் பயன்படுத்தி யோசித்தேன். இருவர் இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் ஏன் என்று கேட்பார். ஒருவர் கேட்டால் பத்துப் பேர் கேட்பார்கள். பிறகு நான் நூற்று அறுபது பேருக்கும் கூடாது என்று சொல்ல வேண்டும். லாரிகள் பின்னோக்கி இறங்க வேண்டும். அரை மணி நேரம், ஒருவேளை ஒரு மணி நேரம், அத்தனை முகங்களும் என்னையே பார்க்கும். இரண்டு ஆண்டுகளாக நான் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்வதற்கான தெம்பு என்னிடம் இல்லை.

"வேண்டாம்மா. நீ போ. நேரமாகுது" என்றேன்.

இருபத்தேழு பேரில் அவளும் ஒருத்தி. மாஸ்டரை விட்டுவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். படகு சோம்பலாகத்தான் எழுந்தது. அவர் கை உணர்ச்சியில் எந்தக் குறையும் இல்லை. மேலாளரும் என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை. செய்தது நான். தெரிந்தே செய்தேன்.

இறுதியாக ஒன்று மட்டும். என் மகள் கரையில் கால் வைத்த பிறகு, படகு கட்டவிழ்வதற்கு முன்னால், மேல்தளத்துக்கு நூற்று அறுபது என்று இட்டு இரண்டாவது நிரலை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி மூன்று எட்டு. குறைந்திருந்தது. அன்று அந்தத் துறையில் இருந்த அத்தனை பேரில், அப்படகின் சுமையைச் சிறிதளவேனும் குறைத்தவன் நான் ஒருவன்தான் என்பதையும் தாங்கள் அருள்கூர்ந்து பதிவு செய்துகொள்ள வேண்டும்.